குனிந்தே வேலை செய்பவருக்கு எந்த யோகா?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுவதும் குனிந்து தைப்பதால் கழுத்தும் இடுப்பும் இறுகிவிட்டன, எந்த வகை யோகா ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள்.

யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் வகுத்த ஐயங்கார் முறையில் தொடங்குவதே நல்லது என்பேன். மரக்கட்டை, பெல்ட், நாற்காலி, மடித்த ஜமக்காளம் போன்றவற்றைத் துணையாகக் கொண்டு ஒவ்வோர் ஆசனத்திலும் நெடுநேரம் நிற்கச் செய்வதால், விறைத்த உடலும் வலிந்து இழுபடாமல் மெல்ல நிமிரப் பழகுகிறது. நின்றபடி முன்னால் குனியும் உத்தானாசனத்தில் விரல்கள் தரையைத் தொடாவிட்டால் கட்டையின் மேல் கையை ஊன்றிக்கொள்ளலாம். முதுகு கூன் விழாமல் நீள்வதே முக்கியம்.

ஐயங்காரைப் போலவே யோகா குரு கிருஷ்ணமாச்சாரியாரிடம் (1888–1989) பயின்ற பட்டாபி ஜோயிஸ் மைசூரில் பரப்பிய அஷ்டாங்க வின்யாசம், மூச்சின் தாளத்தோடு ஆசனத்துக்கு ஆசனம் நிற்காமல் நகர்வது. வலிமையும் தாங்குதிறனும் கூடும், ஆனால் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். சுமார் 40 டிகிரிக்குச் சூடேற்றிய அறையில் 26 பயிற்சிகள் செய்யும் பிக்ரம் முறையும் உண்டு (மே மாத ஆம்பூரில் அறையைத் தனியாகச் சூடேற்ற வேண்டியதில்லை).

ஷிப்ட் முடிந்தும் தையல் மெஷின் சத்தம் காதில் ஓடிக்கொண்டிருந்தால், படுக்குமுன் பத்து நிமிடம் நாடிசுத்தி (நாசித் துவாரங்களில் மாறி மாறி மூச்சு விடும் பயிற்சி) செய்யலாம். உள்மூச்சைவிட வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிந்து மனமும் அடங்கும். கால் மரத்துப்போவதும் உண்டென்றால், எந்த ஆசனத்துக்கும் முன்பாக மருத்துவரைப் பாருங்கள்.