அணிலைப் பாத்தா என் பூனை ஏன் கெக்கெக்கேங்குது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வீட்டுக்குள்ளயே வளர்ற பூனைங்களைப் பத்தி எழுதினதுக்கு வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஜன்னல் பத்தித்தான். அதனால இந்த வாரம் ஜன்னலை விட்டு நகர்றதா இல்ல.

எங்க பூனை ரெண்டாவது மாடி ஜன்னல்ல உக்காந்து வேப்பமரத்துல ஓடுற அணிலைப் பாத்துட்டே தாடையை டகடகன்னு ஆட்டி கெக்கெக்கேன்னு ஒரு சத்தம் போடுது. முதல்ல வலிப்புன்னு பயந்துட்டேன். வீட்டுக்காரர் "கிடைக்காததைக் காட்டி ஏன் ஏங்க வைக்கிற, கர்ட்டனை இழுத்து மூடு"ங்கறார். மூடிடவா? – வாசகி, மடிப்பாக்கம்

மூடாதீங்கம்மா. வலிப்புன்னா பெரும்பாலும் சாஞ்சு விழும், காலை இழுத்துக்கும், எச்சில் ஒழுகும், முடிஞ்சப்புறமும் கொஞ்ச நேரம் தள்ளாடும். உங்க பூனை நிமிர்ந்து உக்காந்து, காது ரெண்டையும் முன்னாடி நீட்டி, வால் நுனியை மட்டும் ஆட்டிக்கிட்டு அணிலையே பாத்துட்டு இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அது வேட்டை மூடு. ஏன் அந்தச் சத்தம்னு ஆராய்ச்சிக்காரங்க நடுவுல இன்னும் ஒத்த முடிவு இல்ல. பரபரப்பும் ஆத்திரமும் கலந்து வர்றதுன்னு ஒரு கட்சி, இரையோட கழுத்தைக் கடிக்கிற அந்தத் தாடை அசைவுதான் முன்கூட்டியே வந்துடுதுன்னு இன்னொரு கட்சி. மூணாவதா ஒண்ணு இருக்கு, எனக்குப் பிடிச்சது அதுதான். 2005ல பிரேசில்ல மனாவ்ஸ் பக்கத்துல ஒரு காட்டுல மார்கேன்னு ஒரு காட்டுப்பூனை, டமரின்ங்கற குட்டிக் குரங்கு மாதிரியே குரல் குடுத்து அதுங்களைக் கிட்ட வரவழைக்கப் பாத்ததை ஆராய்ச்சியாளர்கள் நேர்லயே பாத்திருக்காங்க. அப்ப நம்ம வீட்டுப் பூனையும் பறவை மாதிரி கத்திப் பாக்குதோன்னு ஒரு யோசனை. நிரூபணம் ஆகல, ஆனா மைனாவைப் பாத்து அது போடுற கீச்சுக்குரலைக் கேட்டா அப்படித்தான் தோணும்.

உங்க வீட்டுக்காரர் சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. பூனையோட வேட்டைங்கறது பாக்குறது, பதுங்குறது, பாயுறது, கடிக்கிறது, திங்கறது, நக்கிட்டுத் தூங்குறதுன்னு ஒரு வரிசை. ஜன்னல்ல முதல் ரெண்டு மட்டும் நடக்குது, மீதி அப்படியே தொங்குது. அதுக்கு கர்ட்டனை மூடுறது வழியில்ல, மீதியை நாம முடிச்சு வைக்கணும். குச்சியில கயிறு கட்டி நுனியில ஒரு இறகைச் செருகி, தரையோட தரையா அணில் ஓடுற மாதிரி இழுங்க, நடுவுல நிறுத்துங்க, சோஃபாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வைங்க, கடைசியில பிடிக்க விட்டுடுங்க. பத்து நிமிஷம் போதும். உடனே சாப்பாடு வைங்க. தின்னுட்டு முகத்தைத் துடைச்சுட்டுப் படுத்துடும் பாருங்க. லேசர் லைட்டை வச்சு விளையாட்டுக் காட்டுறவங்களுக்கும் இதேதான், அந்தச் சிவப்புப் புள்ளி கையில மாட்டாமயே போயிடுறதால முடிவுல ஏதாவது ஒரு பொம்மையையோ தின்பண்டத்தையோ பிடிக்கக் குடுத்துடணும்.

இன்னொண்ணு, தூரத்துல அசையாம உக்காந்திருக்கறது அதுக்குத் தெளிவாத் தெரியாது, பூனைக்குக் கிட்டப்பார்வை. ஆனா அசைவுன்னா நம்மளைவிட சீக்கிரம் பிடிச்சுடும், காதும் அப்படித்தான், கீச்சுச் சத்தம் நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோட நின்னுடுற இடத்துல அதுக்கு 60க்கு மேலயும் கேக்கும். அதனால அணில் கிளைக்குப் பின்னாடி போனப்புறமும் அங்கயே பாத்துட்டு இருந்தா, பேய் பிசாசுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சிங்கப்பூர்ல வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல பதினோராவது மாடி. ஜன்னல்ல மைனா வந்து உக்காந்தாலே எங்க பூனை பாயுது. கம்பி வலை கட்டாயமா, இல்ல பூனை தானா ஜாக்கிரதையா இருந்துக்குமா? – வாசகர், யீஷூன்

கட்டாயம் சார், இன்னிக்கே. 2024 செப்டம்பர் 1லேர்ந்து வீவக வீட்டுல ரெண்டு பூனை வரைக்கும் வளர்க்கலாம்னு ஆனப்பவே ஜன்னலுக்கு வலை போடணும்னும் சேத்துத்தானே சொன்னாங்க. "பூனை எவ்ளோ உசரத்துலேர்ந்து விழுந்தாலும் கால்ல நிக்கும்"னு நம்ம ஆளுங்க சொல்றதுக்கு ஒரு கதை உண்டு. 1987ல நியூயார்க்ல மாடியிலேர்ந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 132 பூனைங்களைக் கணக்கெடுத்தாங்க, 90 சதவீதம் பொழச்சுச்சு. இதைப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் தைரியமாயிட்டாங்க. விழுந்த இடத்துலயே செத்துப்போனதை யாரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வருவா, அந்தக் கணக்கு அதுல வராது. பொழச்சதுலயும் தாடை உடைஞ்சது, நுரையீரல் அடிபட்டதுன்னு நிறைய. பூனைக்கு உசரம் தெரியும், ஆனா மைனா றெக்கையை அடிச்ச அந்த ஒரு நொடி அதுக்கு மைனாவைத் தவிர வேற எதுவும் தெரியாது.

ஃபைபர் கொசுவலை பத்தாது, நகத்துல கிழிஞ்சுடும். புறாவுக்குக் கட்டுற நைலான் வலையைச் சில பூனைங்க கடிச்சே ஓட்டை போட்டுடும். ஸ்டீல் வலையா வாங்கி கிரில்லோட சேத்து இறுக்கிக் கட்டுங்க, ஓரத்துல தலை நுழையற இடைவெளி இருக்கக்கூடாது, தலை போனா உடம்பும் போயிடும். துணி காயப்போடுற பக்கத்து ஜன்னலை மறந்துடாதீங்க.

அக்காவும் தங்கச்சியுமா ஒண்ணா வளர்ந்த ரெண்டு பெண் பூனைங்க. காம்பவுண்டு சுவர் மேல ஒரு தெருக் கடுவன் வந்து உக்காருது. அதைப் பாத்துட்டு பெருசு திரும்பி சின்னதைப் போட்டு அடிக்குது, ரத்தம் வர்ற அளவுக்கு. – வாசகி, கோவை

இது நிறைய வீட்டுல நடக்குதுங்க, காரணம் தெரியாம ரெண்டுல ஒண்ணை யாருக்காவது குடுத்துடறாங்க, அதுதான் கஷ்டமா இருக்கு. ஆபீஸ்ல மேனேஜர்கிட்ட திட்டு வாங்கிட்டு வந்து வீட்டுல கத்துற ஆளு மாதிரிதான், கோவம் கடுவன் மேல, கண்ணாடி குறுக்க நிக்குது, பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்க தலையில விழுது. அந்த நேரத்துல கையை நடுவுல விடாதீங்க, உங்களையும் கிழிச்சுடும், பூனைக்கடி ஆழமா இறங்கிச் சீழ் வைக்கும். ஒரு தலகாணியையோ அட்டையையோ குறுக்க வச்சுப் பிரிச்சு, வேற வேற ரூம்ல விட்டுக் கதவைச் சாத்துங்க. சில பூனைங்க ஒரு மணி நேரத்துல மறந்துடும், சிலது நாள்கணக்கா உறுமும், அவசரப்பட்டுச் சேத்து வைக்காதீங்க. அப்புறம் மூடுன கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாட்டுத் தட்டை வச்சு, வாசனையில ஆரம்பிச்சு மெதுவா கண்ணுல காட்டுங்க. ரத்தம் வந்த சின்னதை டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிடுங்க.

சுவர் தெரியுற கீழ்ப்பாதிக் கண்ணாடிக்கு மட்டும் மங்கலான ஸ்டிக்கர் ஒட்டுங்க, மேல்பாதியில மரமும் பறவையும் தெரியட்டும். ரெண்டுக்கும் கருத்தடை ஆயிடுச்சான்னு நீங்க எழுதல. ஆகலைன்னா அந்தக் கடுவன் போகவே மாட்டான்.

யூடியூப்ல பூனைக்குன்னே மணிக்கணக்குல குருவி வீடியோ ஓடுதே, அதைப் போட்டு விட்டா போதாதா? – வாசகர், மதுரை

எப்பவாவது போடுங்க. டிவியில வாசனை கிடையாது, காத்து கிடையாது. ஸ்க்ரீனைப் பிராண்டி உடைச்சா பில் உங்களுக்குத்தான்.

ஜன்னலுக்கு வெளிய கம்பும் தண்ணியும் வச்சுப் பறவைங்களை வரவழைக்கலாமா? பறவைங்களுக்கு அது துரோகமில்லையா? – வாசகி, திருச்சி

நடுவுல வலையோ கண்ணாடியோ இருந்தா துரோகம் இல்லைங்க. கொஞ்ச நாள்ல அதுங்களுக்கே புரிஞ்சுடும், அதுலயும் அணில் இருக்கே, வாலை வெட்டி வெட்டி ஆட்டிக்கிட்டு உள்ள இருக்கற பூனையைப் பாத்துக் கால் மணி நேரம் திட்டிட்டுத்தான் போகும். பாக்கவேண்டியது வேற. பறவைக்குக் கண்ணாடி தெரியாது, அதுல தெரியுற வானத்தை நிஜம்னு நம்பி வேகமா வந்து மோதிச் செத்துடும். அதனால தட்டை ஜன்னல்லேர்ந்து ஒரு மீட்டருக்குள்ள வைங்க, கிளம்புறப்ப வேகம் எடுக்காது, இல்லைன்னா பத்து மீட்டர் தள்ளி வைங்க. ரெண்டுக்கும் நடுவுல வைக்கறதுதான் ஆபத்து. கண்ணாடிக்கு வெளிப்பக்கமா வலை இருந்தா பிரதிபலிப்பும் குறைஞ்சுடும். மண்சட்டியில தண்ணி போதும், தினம் கழுவி மாத்துங்க. தானியத்தை அள்ளிக் கொட்டினா புறாக்கூட்டம் வந்துடும், அப்புறம் கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க, அவங்க பக்கம்தான் நியாயமும் இருக்கும். அதுக்குப் பதிலா ஒரு தொட்டியில இட்லிப்பூ வைங்க, தேன்சிட்டு வரும். லில்லி மட்டும் வீட்டுப்பக்கமே வேண்டாம், அதோட மகரந்தத்தை நக்கினாக்கூட பூனைக்குக் கிட்னி போயிடும்.

பூனையைச் சிறை வச்சுட்டு ஜன்னலைப் பத்தி அறிவுரை சொல்றீங்களே, வெளிய விட்டு வளர்த்த நம்ம தாத்தா பாட்டிக்கு உங்களைவிட நல்லாத் தெரியும். – வாசகர், தஞ்சாவூர்

கோவப்படுங்க, பரவாயில்ல. தாத்தா காலத்துல நெல்லுக்குதிர் இருந்துச்சு, எலி இருந்துச்சு, பூனைக்கு அங்க வேலை இருந்துச்சு. தெருவுல இவ்ளோ வண்டியும் இல்ல. அதோட அந்தப் பூனைங்க எத்தனை வருஷம் உசுரோட இருந்துச்சுன்னு யாரும் எண்ணிப் பாக்கல, ஒண்ணு போனா இன்னொண்ணு வரும். பூனை பசிக்கு மட்டும் வேட்டையாடாது, வயிறு முட்டத் தின்னுட்டும் ஓணானைப் பிடிக்கும். அமெரிக்காவுல மட்டும் பூனைங்க வருஷத்துக்கு 130 கோடியிலேர்ந்து 400 கோடிப் பறவை வரைக்கும் கொல்லுதுன்னு 2013ல ஒரு மதிப்பீடு வந்துச்சு, அதுல பெரும்பங்கு சொந்தக்காரங்க இல்லாத பூனைங்கதான்னாலும் வீட்டுப் பூனை ஒண்ணும் சைவம் இல்ல. ஆஸ்திரேலியாவுல கான்பரா நகரத்துல 2022 ஜூலை 1லேர்ந்து பொறக்குற பூனைங்களை எல்லாம் வீட்டு எல்லைக்குள்ளயேதான் வச்சுக்கணும்னு சட்டமே இருக்கு. வெறும் நாலு சுவத்துக்குள்ள அடைச்சு வச்சா நீங்க சொல்ற சிறைதான் சார், ஒத்துக்கறேன். அதனாலதானே ரெண்டு பக்கமா ஜன்னலைப் பத்தி எழுதிட்டு இருக்கேன்.

ராத்திரி கண்ணாடிக்கு வெளிப்பக்கம் பல்லி வந்து பூச்சி பிடிக்குது. அதைப் பாத்துட்டு விடியக்காலம் நாலு மணி வரைக்கும் ஒரே கத்தல். பல்லியைத் தின்னா ஏதாவது ஆகுமா? – வாசகர், கடலூர்

ஆகும். பல்லி மூலமா ஈரல் தட்டைப்புழுன்னு ஒண்ணு பூனைக்கு வரும். நத்தையில ஆரம்பிச்சு, ஈரத்துல ஊர்ற மரப்பேன்ங்கற சின்ன உயிரி வழியா பல்லிக்கு வந்து, பல்லியைத் தின்ன பூனையோட பித்தக் குழாய்ல போய் உக்காந்துக்கும். சாப்பிடாம மெலியுது, வாந்தி எடுக்குது, காது உள்பக்கமோ ஈறோ மஞ்சளா இருக்குன்னா தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க, பல்லி தின்னுச்சுன்னு மறக்காம சொல்லுங்க, சாதாரணப் பூச்சி மருந்து இதுக்குக் கேக்காது.

கத்தலுக்கு வழி சுலபம். அந்த ஜன்னலுக்கு மேல இருக்கற வெளி லைட்டை அணைச்சுடுங்க. லைட் இல்லைன்னா பூச்சி வராது, பூச்சி வரலைன்னா பல்லி வேற வீடு பாக்கும்.