வாசகர் கேள்வி-பதில்: சுனாமி கடவுள் கொடுத்த தண்டனையா?

கேள்வி: பக்கத்து ஊர் நற்செய்திக் கூட்டத்தில், "2004-ல் கடல் ஏறி வந்தது கடற்கரைக்காரர்களின் குடிக்கும் சண்டைக்கும் தேவன் கொடுத்த அடி" என்று பேசினார்கள். கொட்டில்பாட்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். வேதம் அப்படியா சொல்கிறது?
- ஒரு வாசகி, குளச்சல்

பதில்: இல்லை, அம்மா. லூக்கா 13-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, "இல்லை" என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். அதன்பின் வரும் மனந்திரும்புதலின் அழைப்பு, செத்தவர்களைக் குறித்ததல்ல. உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கானது. யோவான் 9-இல் பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று கேட்ட சீடர்களுக்கும், அவனும் இல்லை, அவனைப் பெற்றவர்களும் இல்லை என்றுதான் பதில் கிடைத்தது.

நோவா கால வெள்ளம், சோதோம், எகிப்தின் வாதைகள் என்று எதிர்வாதம் வரும். அவை வேதத்தில் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே தண்டனை என்று சொன்னவர் கடவுள், அதையும் நடப்பதற்கு முன்பே சொன்னார். நினிவேக்கு யோனா போய் 40 நாள் கெடு சொல்லவில்லையா? எல்லாம் முடிந்த பிறகு பிணத்தைக் காட்டிக் காரணம் சொல்லும் அதிகாரம் எந்தப் பிரசங்கியாருக்கும் கொடுக்கப்படவில்லை. குற்றமில்லாமல் துன்பப்பட்ட யோபுவிடம் அவர் நண்பர்கள் அதைத்தான் செய்தார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் திரும்பியது.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1934 ஜனவரி 15-இல் பீகாரில் நிலம் நடுங்கியபோது, தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று காந்தியடிகள் திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமையை எதிர்த்த தாகூரே அதை மறுத்தார். இதே தர்க்கத்தை எதிர்த்தரப்பும் காந்தியின்மீது திருப்பலாமே என்பது அவர் வாதங்களில் ஒன்று.

நடந்ததைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26 காலை நம் நேரப்படி 6.29 மணியளவில், சுமத்ரா அருகே கடலடித் தட்டு நழுவி 9.1 அளவில் நிலநடுக்கம் வந்தது. நாலு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் சுனாமி அலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து உயரம் கூடும். இந்தோனேசியாவின் ஆச்சே முஸ்லிம்கள், இலங்கையின் பௌத்தர்கள், நாகப்பட்டினத்து இந்துக்கள், நம் கிறிஸ்தவர்கள் எல்லாரையும் அது ஒன்றுபோல வாரிக்கொண்டு போனது. குமரிக் கரையைத் தொட அதற்குச் சுமார் மூன்று மணி நேரம் பிடித்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை மையம் கிடையாது. ஹைதராபாத்தில் மையம் வந்தது 2007-இல். அந்த மூன்று மணி நேரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். "யார் பாவம்?" என்று செத்தவர்களைத் தோண்டிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி எழாமலே போய்விடும். எனக்கு இதுதான் ஆறாத வருத்தம்.

கேள்வி: "கர்த்தர் எங்கள் வீட்டை மட்டும் காத்தார்" என்று சாட்சி சொல்லலாமா?
- மார்த்தாண்டம் வாசகர்

பதில்: நன்றி சொல்லுங்கள். "மட்டும்" என்பதை விட்டுவிடுங்கள். அந்தச் சொல் பக்கத்து வீட்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும்.

கேள்வி: ஒக்கியில் கடலில் போனவர் உடல் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் சபை என்ன செய்ய வேண்டும்?
- ஒரு வாசகர், தூத்தூர்

பதில்: 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயலாக மாறியபோது, உங்கள் பகுதி ஆழ்கடல் படகுகள் பல நாள் முன்பே கரையை விட்டுப் போயிருந்தன. கைப்பேசிக் கோபுரம் எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்குக் கரையில் அறிவித்த எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

முதல் நாள்களில் போதனை வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள் செய்தது சரி. உடல் இல்லாமலும் நினைவுத் திருப்பலியோ ஆராதனையோ நடத்தலாம். ஆனால் தேதியை வீட்டார் சொல்லட்டும். "இனி வரமாட்டார்" என்பதைச் சபை முந்திக்கொண்டு அறிவிக்கக் கூடாது.

காகித வேலையில் கூட நில்லுங்கள். காணாமல் போனவரை இறந்தவராகக் கருத, பொதுவாகச் சட்டம் ஏழு ஆண்டு கேட்கும். பேரிடரில் அரசு தனி ஆணை போட்டால் அது சீக்கிரம் முடியும். அப்போது காவல் நிலையப் புகார் நகல், படகுப் பதிவுச் சான்று, அந்தப் பயணத்தில் ஏறியவர்களின் பட்டியல், மீனவர் நலவாரிய அட்டை எல்லாம் கேட்பார்கள். படகு புறப்படும்போதே ஏறுகிறவர்களின் பெயர்ப்பட்டியலைக் கரையில் ஒருவரிடம் கொடுத்து வைத்தால் பாதித் தொல்லை குறையும். கடலோரக் காவல்படைக்கு 1554, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த எண்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் எப்போதும் இருக்கட்டும்.

உடல்கள் கிடைத்தால், தொற்று வரும் என்று பயந்து அவசரமாய்ப் பொதுக்குழியில் போட வேண்டாம். பேரிடரில் செத்தவர் உடலால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஒவ்வொரு உடலுக்கும் எண் இட்டு, முகத்தைப் படம் எடுத்து, துணி, தாலி, ஜெபமாலை, தழும்பு எல்லாவற்றையும் எழுதிய பிறகே அடக்கம் செய்யுங்கள்.

கேள்வி: கடல்நீர் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்ய எங்கள் வாலிபர் சங்கம் போகிறது. எதில் கவனம் வேண்டும்?
- நாகர்கோவில் வாசகி

பதில்: பஞ்சம் வருமென்று அகபு என்ற தீர்க்கதரிசி சொன்னதும் அந்தியோகியா சபை அவரவர் திராணிக்கேற்பப் பணம் சேர்த்து அனுப்பியது (அப்போஸ்தலர் 11). பாவக்கணக்கு யாரும் கேட்கவில்லை. நீங்களும் அந்த வழிதான் போகிறீர்கள். பழந்துணி மூட்டை மட்டும் வேண்டாம், அது தெருவில்தான் கிடக்கும்.

மோட்டார் வைத்துக் கிணற்றை அடியோடு இறைக்காதீர்கள். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. வேகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறும். குப்பையையும் சேற்றையும் அள்ளிவிட்டு, மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள்.

பிறகு குளோரின். விட்டம் 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர். வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், அதாவது 24 கிராம். அழுக்கு புகுந்த கிணற்றுக்குக் கூடுதல் தேவைப்படும். அதைச் சுகாதார ஆய்வாளர் சோதித்துச் சொல்வார். பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்க 10 நிமிடம் விட்டு, தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் யாரும் மொள்ளக் கூடாது. குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. நல்ல மழை பெய்து உப்பு இறங்கும்வரை குடிக்க லாரித் தண்ணீரே வேண்டும்.