பெயர்ப் பட்டியலை விடுங்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள்

கேள்வி: ஐயா, நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். எங்கள் ஊரிலும் அயல் ஊர்களிலும் சிறுநீரக நோய்க்காகக் கிளினிக் போகிறவர்கள் வரவரக் கூடிக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலும் வயல் வேலை செய்கிறவர்கள், கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள். குழாய்நீர் கேட்டு மனுக் கொடுத்தால் ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். அதற்காகத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் ஓர் அரச வைத்தியசாலையிடம் நோயாளர்களின் பெயர், முகவரி, நோய் விபரம் அடங்கிய பட்டியலைக் கேட்டோம். மருத்துவ ஆவணங்கள் அந்தரங்கமானவை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். இப்போது நாங்களே வீடு வீடாகப் போய்க் கிளினிக் கொப்பிகளைப் படம் எடுத்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து வருகிறோம். அந்தரங்கத்தைக் காப்பாற்றப் போய் ஊரையே பலி கொடுப்பதா? வழக்குப் போட முடியுமா?

பதில்: செயலாளர் அவர்களே, வழக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த வாட்ஸ்அப் குழுவில் உள்ள படங்களை அழியுங்கள். கொப்பியைக் காட்டிய அம்மா உங்களை நம்பித்தான் காட்டினார். குழுவில் உள்ள அத்தனை பேரும் பார்க்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. சிறுநீரகம் பழுது என்ற செய்தி ஊரில் பரவினால் வயல் கூலிக்கு அழைப்பது குறையும், மகளின் கல்யாணப் பேச்சு பாதியில் நிற்கும். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையில் வைத்திருக்கிறது. இறந்தவர்களின் தகவலுக்கும் அது பொருந்தும். வீட்டுத் தேவைக்காக ஒருவர் வைத்திருக்கும் குறிப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் சங்கம் வீடு அல்ல. அந்தச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வருவதாக இருந்து பிற்போடப்பட்டதைக் காரணம் காட்டித் தப்பலாம் என்று எண்ணவும் வேண்டாம். ஒருவரின் அந்தரங்கத்தையும் மானத்தையும் கெடுத்தால் நட்டஈடு கேட்க நம் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டம் ஏற்கெனவே வழிவிட்டிருக்கிறது.

இனி வைத்தியசாலையின் மறுப்பு. நீங்கள் கேட்ட பட்டியலை அவர்கள் தராதது சரியே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவர் எழுத்தில் சம்மதித்தாலன்றி வெளியிடத் தேவையில்லை என்கிறது. அதே பிரிவில், வெளியிடுவதால் கிடைக்கும் பொதுநலன் தீங்கைவிடப் பெரிதென்றால் மறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் குழாய்நீர் கேட்பதற்கு ஒருவரின் பெயரும் வீட்டு முகவரியும் எதற்கு என்று தகவலுக்கான உரிமை ஆணைக்குழு கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. அந்த விண்ணப்பத்தை வைத்து மேன்முறையீடு செய்யுமாறு நான் சொல்லமாட்டேன்.

தவறு எங்கே என்றால், அந்த ஒரே வரியில். சட்டத்தின் 6ஆம் பிரிவு, மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்கச் சொல்கிறது. பெயரைத் தரமுடியாது, எண்ணிக்கையைத் தருகிறோம் என்று அவர்கள் எழுதியிருக்க வேண்டும். ஏன் எழுதவில்லை? ஓர் அலுவலர் இல்லை என்று சொன்னால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆம் என்று சொல்லி நாளை யாராவது முறைப்பாடு செய்தால் விளக்கம் எழுத வேண்டியவர் அவர். அந்தரங்கச் சட்டங்கள் எங்கு வந்தாலும் முதலில் வளர்வது இந்தப் பயம்தான்.

அந்தப் பயத்தின் விலையை மற்ற நாடுகள் கணக்குப் பார்த்திருக்கின்றன. அமெரிக்காவில் 1996இல் இயற்றப்பட்ட ஹிப்பா (HIPAA) என்ற மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தின் அந்தரங்க விதிகளுக்குப் பத்து ஆண்டுகளில் 17.6 பில்லியன் டொலர் செலவாகும் என்று அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களமே மதிப்பிட்டது. பணத்தைவிட என்னை யோசிக்க வைப்பது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஓர் இதயநோய் ஆய்வு. விதிகள் 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வருவதற்கு முன், வீடு திரும்பிய நோயாளர்களைத் தொலைபேசியில் அழைத்து ஆய்வில் சேரச் சம்மதம் கேட்டார்கள். 96.4 சதவீதமானோர் சம்மதித்தார்கள். பிறகு கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் கேட்டபோது அது 34 சதவீதமாக விழுந்தது. சம்மதித்தவர்களில் வயதில் மூத்தவர்களும் திருமணமானவர்களும் அதிகம், ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் குறைவு. அதாவது நோய் கடுமையாக இருந்தவர்கள்தான் கணக்கிலிருந்து அதிகம் விடுபட்டார்கள். சட்டம் காத்தது அவர்களின் அந்தரங்கத்தை. அவர்களைப் போன்ற அடுத்த நோயாளருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாடம் அதில் கைநழுவிப் போயிற்று.

நம் நாட்டிலும் வடமத்திய மாகாணத்தில் 1990களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் கவனத்துக்கு வந்தது, நோயாளர்கள் எந்த ஊர்களிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று வைத்தியர்கள் பார்த்ததால்தான். ஊரின் பெயரும் இரகசியம் என்று அன்று பூட்டி வைத்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க இன்னும் எத்தனை ஆண்டுகள் போயிருக்குமோ. ஆகவே உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் தீர்வு அந்தரங்கத்தைத் தூக்கி எறிவதில் இல்லை. கொப்பியில் எழுதுவது வெளியே போகும் என்று தெரிந்தால் படுவான்கரை நோயாளி கிளினிக்குக்கே போகமாட்டார். பிறகு எண்ணுவதற்கு ஆளே இருக்காது.

எனவே புதிதாக விண்ணப்பியுங்கள். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இருக்கும் தகவலைத்தான் கேட்க முடியும், புதிதாக ஆய்வு செய்து தரும்படி கேட்க முடியாது. கிளினிக் பதிவேட்டிலிருந்தும், வைத்தியசாலை மேலிடத்துக்கு அனுப்பும் காலாண்டு அறிக்கைகளிலிருந்தும் எடுக்கக்கூடியதைக் கேளுங்கள். ஒரு கிராம சேவகர் பிரிவில் இரண்டு மூன்று நோயாளர்தான் என்றால் எண்ணிக்கையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதனால் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, பல ஆண்டுகளைச் சேர்த்துக் கேட்பது பாதுகாப்பு.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள், மேன்முறையீட்டைக் கேட்க அதே நிறுவனத்தில் உள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் பலனில்லை என்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். நீதிமன்றம் அதற்குப் பிறகுதான்.

இன்னொரு விண்ணப்பத்தையும் கையோடு போடுங்கள். உங்கள் பகுதிக் கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் செய்த நீர்ப் பரிசோதனை முடிவுகளைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடமும் கேளுங்கள். தண்ணீருக்கு அந்தரங்கம் கிடையாது. உன்னிச்சைக் குளத்து நீர் வாவியைத் தாண்டி நகரத்துக்குப் போகும்போது அதே கரையில் இருப்பவர்களுக்கு எப்போது கிடைக்கும் என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். திட்ட வரைபடத்தைத் தருவதற்கு எந்த நோயாளியின் சம்மதமும் வேண்டாம்.

இறந்தவர்களின் மரணச் சான்றிதழில் மரணத்துக்கான காரணம் இருக்கும். குடும்பத்தவர் விரும்பினால், எதற்காக, யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்று எழுதிய தாளில் ஒப்பம் வாங்கிக்கொண்டு பிரதியைப் பெறலாம். அதை ஒரு கோப்பில் வைத்து ஒருவர் மட்டும் பொறுப்பாக இருக்கட்டும்.

வைத்தியசாலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் இந்த வாசகத்தை அப்படியே சேருங்கள்:

"2018 தொடக்கம் இன்றுவரை நாட்பட்ட சிறுநீரக நோய்க்காகத் தங்கள் கிளினிக்கில் பதிவு செய்யப்பட்டவர்களின் மொத்த எண்ணிக்கையை, பிரதேச செயலகப் பிரிவு, ஆண் பெண், பத்து வயது இடைவெளி என்ற அடிப்படையில் தரவும். பெயர், முகவரி, பதிவிலக்கம் எதுவும் எமக்கு வேண்டாம். எந்தத் தொகுதியிலாவது ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் 'ஐந்துக்குக் குறைவு' என்று மட்டும் குறிப்பிடவும். ஏதேனும் பகுதியைத் தரமுடியாது எனில் 6ஆம் பிரிவின்படி மீதியைத் தந்து, மறுக்கும் பகுதிக்கான காரணத்தை எழுத்தில் அறியத்தரவும்."