26 தலைமுறை கண்ட இத்தாலிய ஒயினில் 18,000 பவுண்டு போடலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். எனக்கு 42 வயது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். கையில் 24,000 பவுண்டு சேமிப்பு இருக்கிறது. வீட்டுக் கடனின் நிலையான வட்டிக் காலம் அடுத்த வருடம் முடிகிறது. மகள் ஆறு வருடத்தில் பல்கலைக்கழகம் போவாள். ஒரு ஒயின் முதலீட்டு நிறுவனத்திலிருந்து விடாமல் போன் வருகிறது. இத்தாலியில் 600 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் ஆன்டினோரி நிறுவனத்தின் டின்யானெல்லோ சிவப்பு ஒயின், ஆறு பாட்டில் கொண்ட பெட்டி 900 பவுண்டாம். 20 பெட்டி வாங்கி ஐந்து வருடம் வைத்திருந்தால் ஆண்டுக்கு 10 சதவீதம் கிடைக்கும், வரியும் கிடையாது என்கிறார்கள். கிரெடிட் கார்டில் 500 பவுண்டு முன்பணம் கட்டிவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்கள் சேமிப்பில் முக்கால் பங்கு இது. வீட்டுக் கடன் வட்டி மாறப்போகிற நேரத்தில், மகளின் படிப்புச் செலவு எட்டிப் பார்க்கிற நேரத்தில், இவ்வளவு பணம் ஒரு கிடங்கில் மரப்பெட்டிகளாக அடைபட்டுக் கிடக்கக் கூடாது.

அந்த விற்பனையாளர் குடும்பத்தைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. ஆன்டினோரி குடும்பத்தின் முன்னோர் ஒருவர் 1385ல் ஃபிளாரன்ஸ் நகரின் ஒயின் வணிகர் சங்கத்தில் சேர்ந்தார். இன்று 26ஆவது தலைமுறை நிர்வாகத்தில் இருக்கிறது. டின்யானெல்லோவின் கதை அதைவிடச் சுவையானது. அந்தக் காலத்தில் கியான்டி, அதாவது ஃபிளாரன்ஸ் வட்டாரத்தின் பெயர்பெற்ற சிவப்பு ஒயின், என்ற பெயரில் விற்க வேண்டுமென்றால் சிவப்புத் திராட்சையோடு கொஞ்சம் வெள்ளைத் திராட்சையும் கலந்தாக வேண்டும் என்பது சட்டம். குடும்பத் தலைவர் பியரோ ஆன்டினோரி அந்தப் பெயரே வேண்டாம் என்று விட்டுவிட்டு, 1971ஆம் ஆண்டு விளைச்சலைச் சாதாரண மேசை ஒயின் என்ற தகுதியோடு வெளியிட்டார். சின்ன ஓக் பீப்பாய்களில் முதிரவைத்தார். 1975லிருந்து வெள்ளைத் திராட்சை சுத்தமாக நின்றது. சாஞ்சியோவேசே என்ற உள்ளூர்ச் சிவப்புத் திராட்சையோடு, பிரெஞ்சு வகையான கபெர்னே திராட்சை கொஞ்சம் சேர்ந்தது. அரசாங்கத் தரவரிசையில் கடைசிப் படியில் நின்ற ஒயின், கியான்டியைவிட அதிக விலைக்குப் போனது. இத்தாலிய ஒயினின் போக்கையே திருப்பியவற்றில் இதுவும் ஒன்று.

ஆனால் அந்தக் குடும்பத்துக்குச் சொத்து சேர்ந்த வழி வேறு, உங்களிடம் விற்கப்படுகிற பொருள் வேறு. அவர்களிடம் நிலம் இருக்கிறது, கொடி இருக்கிறது, பெயர் இருக்கிறது. வருடாவருடம் புது விளைச்சல் வருகிறது. அப்படியிருந்தும் நெருக்கடி வராமல் இல்லை. 1980களில் பியரோவின் உடன்பிறந்தவர்கள் தங்கள் பங்கைப் பணமாக்க விரும்பியபோது வெளி முதலீட்டாளரை உள்ளே விட வேண்டியிருந்தது. வந்தது விட்பிரெட், இன்று நீங்கள் வழியெல்லாம் பார்க்கும் பிரீமியர் இன் ஹோட்டல்களை நடத்தும் அதே நிறுவனம், அப்போது பீர் தயாரித்துக்கொண்டிருந்தது. திராட்சைக் கொடியின் வேகமும் பங்குச் சந்தை நிறுவனத்தின் வேகமும் ஒத்துப்போகவில்லை. 1990களின் தொடக்கத்தில் பியரோ அந்தப் பங்கைத் திரும்ப வாங்கிவிட்டார். பிறகு குடும்பப் பங்குகளை நீண்ட கால டிரஸ்டில் வைத்தார், யாரும் அவசரத்துக்கு விற்றுவிடக் கூடாது என்று. ஆக, அந்த நிறுவனத்தில் பங்கு வாங்க உங்களுக்கோ எனக்கோ வழியில்லை. உங்களுக்குக் கிடைப்பது பாட்டில் மட்டும். அதற்கு வாடகை வராது, டிவிடெண்ட் வராது, அடுத்த வருட விளைச்சலில் பங்கும் வராது.

இன்னொன்றையும் யோசியுங்கள். டின்யானெல்லோ ஏதோ சில நூறு பெட்டி மட்டும் வரும் அபூர்வச் சரக்கு இல்லை. ஆண்டுக்குச் சில லட்சம் பாட்டில் வெளிவருகிறது. புது ஆண்டின் பெட்டி நியாயமான விலைக்குக் கடையில் இருக்கும்போது, நேற்றைய பெட்டிக்கு ஒருவர் எவ்வளவுதான் கூடுதலாகத் தருவார்? மிகச் சிறந்த ஆண்டுகளுக்குத் தருவார்கள். எல்லா ஆண்டுக்கும் தர மாட்டார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். முதலில் உங்களுக்குச் சொன்ன அதே விளைச்சல் ஆண்டு, அதே அளவுப் பெட்டியை, தீர்வை கட்டாத நிலையில் (அதாவது வரி கட்டாமல் சுங்கக் கிடங்கிலேயே இருக்கும்போது) மற்ற வியாபாரிகள் என்ன விலைக்குத் தருகிறார்கள் என்று, விலைகளை ஒப்பிடும் ஒயின் சர்ச்சர் தளத்தில் பாருங்கள். போனில் துரத்தி விற்பவர்கள் சந்தை விலைக்கு மேல் வைப்பதை நிறையப் பார்க்கிறேன். சந்தை விலை 700 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கொடுப்பது 900. கிடங்கு வாடகையும் காப்பீடும் வருடத்துக்குப் பெட்டிக்கு 15 என்றால் ஐந்து வருடத்தில் 75. விற்கும்போது தரகு 10 சதவீதம். போட்ட 975 கைக்குத் திரும்ப வேண்டுமென்றால் பெட்டி 1,083 பவுண்டுக்கு விலைபோக வேண்டும். அதாவது சந்தை ஆண்டுக்கு 9 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் உங்கள் அசலே திரும்பும், லாபம் பூஜ்யம். 2022 இறுதிக்குப் பிறகு உயர்தர ஒயின் விலைகள் இரண்டு வருடத்துக்கும் மேலாக இறங்கியதை அவர்கள் போனில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

'வரி கிடையாது' என்பதும் பாதி உண்மைதான். 50 ஆண்டுக்குள் வீணாகிவிடும் பொருளை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நீண்ட நாள் தாங்கும் நல்ல ஒயினை வரித்துறை அந்த வகையில் சேர்க்க மறுக்கலாம். 6,000 பவுண்டுக்குள் விற்கும் தனிப்பொருளுக்கு விலக்கு உண்டு. ஒரே மாதிரிப் பெட்டிகளை ஒரே ஆளுக்கு விற்றால் அவற்றை ஒரு தொகுப்பாகக் கணக்கிட இடமிருக்கிறது. அது போக, ஒயின் முதலீட்டை பிரிட்டனின் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏ கண்காணிப்பதில்லை. நிறுவனம் மூழ்கினால் இழப்பீட்டுத் திட்டமும் கை கொடுக்காது.

இந்தப் பணத்துக்கு என் யோசனை இது. ஆறு மாதக் குடும்பச் செலவை வங்கியில் தொடாமல் வையுங்கள். வட்டி மாறும் முன் கடனில் கொஞ்சம் முன்கூட்டியே அடைக்க முடியுமா என்று பாருங்கள். பல வங்கிகள் ஆண்டுக்குக் கடன் பாக்கியில் 10 சதவீதம் வரை அபராதமில்லாமல் ஏற்கும். மீதியில் ஒரு பகுதியை, லாபத்துக்கு வரியில்லாத ஐசா கணக்கில், உலகப் பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் செலவு குறைந்த ஃபண்டில் போடுங்கள். மகளின் கல்லூரிக் காலம் நெருங்க நெருங்க அதை வங்கிச் சேமிப்புக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்.

ஒயின்மேல் உங்களுக்கு உண்மையிலேயே ஆசை என்றால், 2016 போன்ற நல்ல ஆண்டின் விளைச்சலில் ஒரே ஒரு பெட்டி வாங்குங்கள், குடிப்பதற்காக. பிரிக்காத அசல் மரப்பெட்டியாக இருக்கட்டும். கிடங்குக் கணக்கு உங்கள் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். விற்றவர் தரும் சான்றிதழ் போதாது. கிடங்குக்கே நேரடியாகப் போன் செய்து பெட்டி உங்கள் பெயரில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் அந்த 500 பவுண்டு. இன்றே மின்னஞ்சலில் ரத்து செய்வதாக எழுதுங்கள், போனில் பேசாதீர்கள். வழக்கமான 14 நாள் ரத்து உரிமை, விலை ஏறி இறங்கும் முதலீட்டு ஒயினுக்குப் பொருந்தாமல் போகலாம். அதை நம்பி நாள் கடத்த வேண்டாம். அவர்கள் மறுத்தால், 10 சதவீதம் கிடைக்கும் என்று எழுத்தில் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடி எடுத்து, கார்டு கொடுத்த வங்கியிடம், விற்றவர் தவறாகச் சொல்லி விற்றால் வங்கியும் பொறுப்பேற்க வேண்டும் என்கிற நுகர்வோர் கடன் சட்டப் பிரிவு 75ன் கீழ் புகார் கொடுங்கள்.