சிங்கப்பூர் வெயிலும் நம் சருமமும்: கேள்வி பதில்

பதினான்கு வருடமாக மருந்துக்கடை கவுண்டரில் நிற்கும் மருந்தாளர் நான். சருமம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, வயது 24. காலையில் ஏழு, இரவில் எட்டு என்று பூசச் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

மூன்றே போதும் மா. மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். சருமம் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் (7க்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்) 5 வாக்கில் இருக்கும். சாதாரண குளியல் சோப்பு 9, 10 வரை போகும். கழுவியதும் முகம் இறுகினால் அது சுத்தத்தின் அடையாளம் இல்லை, மேல்பாதுகாப்பு கரைந்துவிட்டது என்று அர்த்தம். இந்த மூன்றும் பழகிய பிறகு வேண்டுமானால் நான்காவதாக ஒன்றைச் சேருங்கள். இரண்டு புதுப் பொருளை ஒரே வாரத்தில் தொடங்கினால், அரிப்பு வரும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

எண்ணெய் வழியும் முகம். இந்தப் புழுக்கத்தில் மாய்ஸ்சரைசர் எதற்கு?

ஆபீஸ் ஏர்கானில் எட்டு மணி நேரம் இருந்து சருமம் வறள்கிறதே, அதற்கு! ஜெல் வகை வாங்குங்கள், பிசுபிசுக்காது.

நான் நல்ல கறுப்பு. வெயில் என்னை என்ன செய்துவிடும்? சன்ஸ்கிரீன் போட்டால் சாம்பல் பூசியது போலாகிறது.

கவுண்டரில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கறுப்பு நிறம் ஓரளவு காப்பது உண்மை, வெயிலில் சுட்டுச் சிவப்பது நமக்குக் குறைவு. ஆனால் நம் தோலில் நிறமி சீக்கிரம் தூண்டப்படும். ஒரு பரு, ஒரு கொசுக்கடி ஆறினாலும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். வெயில் பட்டால் அந்தக் கறை இன்னும் அழுத்தமாகும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தெளிந்த நாளில் நண்பகல் புற ஊதாக் குறியீடு (வெயில் கதிரின் கடுமையைச் சொல்லும் எண்) 11ஐத் தாண்டுவது இங்கே சகஜம். மேகம் மூடியிருந்தாலும் கதிர் வரும். புற ஊதாக் கதிரில் இரண்டு வகை: தோலைச் சுடும் யுவிபி, ஆழமாகப் புகும் யுவிஏ. ஜன்னல் கண்ணாடி யுவிபியைத் தடுக்கும், யுவிஏயில் நிறையவே உள்ளே விட்டுவிடும்.

சாம்பல் பூப்பது பெரும்பாலும் துத்தநாக, டைட்டானிய ஆக்சைடுகளால். ரசாயன வடிகட்டிகள் உள்ள, 'பிராட் ஸ்பெக்ட்ரம்' (இரண்டு வகைக் கதிரையும் தடுப்பது) என்று போட்ட, எஸ்பிஎஃப் எனும் காப்பு எண் 30 அல்லது 50 உள்ளதை எடுங்கள். 30 யுவிபியில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. பெரிய வித்தியாசம் பூசும் அளவில்தான் வரும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பட்டாணி அளவு பூசினால் அட்டையில் போட்ட எண் கிடைக்காது. வெளியில் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூசுங்கள்.

தேசிய சேவையில் இருக்கிறேன். முகத்தில் கேமஃபிளாஜ் சாயம் பூசி வியர்த்து முகமெல்லாம் பரு.

தம்பி, அதைத் தேய்த்து எடுக்காதே. எண்ணெய் க்ளென்சரால் கரைத்துவிட்டு அப்புறம் ஃபேஸ்வாஷ். பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் போதும். 10 சதவீதம் கூடுதல் பலனைவிட எரிச்சலைத்தான் கூட்டும். துணியில் பட்டால் சாயம் வெளுத்துவிடும், யூனிஃபார்ம் கவனம். 8 முதல் 12 வாரம் பொறுத்துப் பார். நெற்றியில் ஒரே அளவில் அரிக்கும் சின்னச் சின்னப் பொரிகள் என்றால் அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. உங்கள் முகாம் மருத்துவரிடம் காட்டு.

பிரசவத்துக்குப் பின் கன்னத்தில் மங்கு. தோழி கொடுத்த கிரீம் இரண்டே வாரத்தில் வெளுத்துவிட்டது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது.

இதைப் படித்ததும் மனம் பதறியது. சென்ற ஆண்டு ஒருவர் இப்படி ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். மஞ்சள் கிரீம், மூடியில் ரோஜாப் படம், உள்பொருள் பட்டியல் எங்கேயும் இல்லை. அவர் கன்னத்தில் தோல் மெலிந்து, நூல் போலச் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. இவ்வளவு வேகமாக வெளுக்கிறது என்றால் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், பாதரசம் இவற்றில் ஏதாவது கலந்திருக்க வாய்ப்புண்டு. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்கள் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தைக்கும் ஒட்டும். இப்படிப்பட்ட பொருட்கள் பற்றி சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பூசுவதை நிறுத்தி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். தேவைப்பட்டால் அவர்களே தோல் நிபுணரிடம் அனுப்புவார்கள்.

எரிச்சல் அடங்கிய பிறகு மங்குக்கு அசெலாயிக் அமிலம் நல்ல தேர்வு, தாய்ப்பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் உங்களுக்குச் சாதாரணத்தைவிட உதவும். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டாம், அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமே வரும்.

அம்மாவுக்கு வயது 61. கால் வறண்டு இரவெல்லாம் அரிப்பு.

வெந்நீர்க் குளியலைக் குறைத்து, துவட்டியதும் ஈரம் காய்வதற்குள் கெட்டியான மாய்ஸ்சரைசரைப் பூசிவிடுங்கள். இரண்டு வாரத்தில் அடங்கவில்லை என்றால் சர்க்கரையும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.