பழைய செயின்சாவுக்குப் பெரிய கார்புரேட்டர் பொருத்தலாமா?

கேள்வி: என்னிடம் 1970களில் வாங்கிய 70 சி.சி. செயின்சா இருக்கிறது. விசையை அழுத்தியதும் திணறுகிறது. மரத்தில் இறங்கினால் வேகம் விழுந்துவிடுகிறது. அதிலுள்ள டில்லட்சன் கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெரிய துளையுள்ள வால்ப்ரோவைப் பொருத்தினால் இழுவை கூடுமா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பாகம்) சிறியதாக இருப்பதால் வருபவையல்ல, பெரும்பாலும் அது பழுதடைந்திருப்பதால் வருபவை. மூடியைக் கழற்றிப் பம்ப் சவ்வை எடுத்து விரலால் வளைத்துப் பாருங்கள். நல்ல சவ்வு துணிபோலத் துவளும். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆண்டுக்கணக்கில் ஊறியது காய்ந்த சருகுபோல விறைத்து, அதன் சிறு மடல்கள் ஓரத்தில் சுருண்டிருக்கும். அத்தகைய சவ்வால் கிராங்க்கேஸின் (பிஸ்டனுக்குக் கீழுள்ள எஞ்சின் அறையின்) அழுத்தத் துடிப்புக்கு ஈடுகொடுத்துப் பெட்ரோலை ஏற்ற முடியாது. எனவே முதலில் சவ்வுகள், ஊசி வால்வு, கேஸ்கெட், வடிகட்டி வலை ஆகியவை அடங்கிய பழுதுபார்ப்புத் தொகுப்பை மாற்றுங்கள். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அந்த வெடிப்பு வழியே காற்று நுழைந்தால் எந்தக் கார்புரேட்டரும் சரியாக ஓடாது.

இனி அளவைப் பற்றிப் பார்ப்போம். வென்சூரியை, அதாவது கார்புரேட்டரில் காற்று செல்லும் துளையின் ஒடுங்கிய பகுதியை, 16 மி.மீ.யிலிருந்து 19 மி.மீ.க்கு மாற்றினால் பரப்பு 41 சதவீதம் கூடுகிறது. ஆனால் எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவு மாறாதபோது அதன் ஓட்டவேகம் குறைந்து, ஜெட்டிலிருந்து (பெட்ரோல் வரும் நுண்துளையிலிருந்து) பெட்ரோலை உறிஞ்சும் அழுத்த வேறுபாடு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் தாழ்ந்த வேகத்தில் கலவை மெலிந்து (பெட்ரோலின் பங்கு குறைந்து), இப்போதுள்ள திணறல் இன்னும் மோசமாகும். சிலிண்டரின் போர்ட்டுகளும் (காற்றும் புகையும் போய்வரும் வாய்களும்) சைலன்சரும் அனுமதிக்கும் காற்றுக்கு மேல் கார்புரேட்டரால் எதையும் கூட்ட இயலாது. சைலன்சரின் வாயை விரித்து, அதன் பிறகும் உச்ச வேகத்தில் மூச்சு முட்டினால் மட்டும் ஒன்றிரண்டு மி.மீ. பெரியதை யோசிக்கலாம் என்பதே என் கருத்து.

உங்கள் கார்புரேட்டரின் உடலே தேய்ந்து, திராட்டில் தண்டு ஆடுகிறது என்றால் வால்ப்ரோ நல்ல மாற்றுதான். துளையின் அளவு பழையதற்கு ஒத்திருக்க வேண்டும். எச் (உயர் வேகக் கலவைக்கானது), எல் (தாழ் வேகக் கலவைக்கானது) என்ற ஊசிகள் இரண்டையும் திருப்பிச் சரிசெய்ய முடிந்த வகையாகவும் இருக்க வேண்டும். பொருத்துமுன் போல்ட்டுகளின் இடைவெளியையும் அழுத்தத் துடிப்பு வரும் துளையின் இருப்பிடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் துளை அடைபட்டால் பெட்ரோலே ஏறாது. விலை மலிவான நகல்களில் அளவு துல்லியம் சீராக இருப்பதில்லை என்பதால், அவற்றைவிடப் புதுப்பித்த அசல் மேலானது.

இரண்டு ஊசிகளையும் ஒரு சுற்றுத் திறந்து தொடங்குங்கள். சங்கிலி மரத்தில் படாமல் முழு வேகத்தில் ஓடும்போது ஒலி சற்றே கரகரத்து, மரத்தில் இறங்கியதும் தெளிய வேண்டும். எச் ஊசியை மேலும் மூடிக் கூர்மையான ஒலியைத் தேடினால், கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் பிடித்துவிடும். இத்தனை பழைய ரம்பத்துக்கு மாற்றுச் சிலிண்டர் கிடைப்பது அரிது.