உப்புக்காற்றும் சைக்கிளும்: பினாங்கு வாசகர்களின் கேள்விகள்

மழையில் சைக்கிளை எடுப்பதே இல்லை. இருந்தும் மூன்றே மாதத்தில் செயின் பழுப்பாகிவிட்டது. ஏன் அண்ணே? (தஞ்சோங் பூங்கா)

சைக்கிள் நிற்கும் பால்கனி கடலைப் பார்த்தபடி இருக்கிறதா? அப்படியானால் உப்புதான் காரணம். கடற்காற்றில் வரும் உப்பு செயினில் படிந்து, இரவெல்லாம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த உப்பு ஈரத்தில் இரும்பு வெகு சீக்கிரம் துருவேறும். கழுவாமல் எண்ணெய் விட்டால் உப்பும் உள்ளேயே தங்கிவிடும்.

முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காரைக் கழுவும் பிரஷர் பம்பு வேண்டாம், பேரிங்குக்குள் தண்ணீர் ஏறிவிடும். பழைய பனியனால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய் விடுங்கள். பெடலைப் பின்பக்கமாக 20 சுற்று சுற்றி, சற்றுப் பொறுத்து, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும்.

அப்பா தேங்காய் எண்ணெய்தான் விடுவார். நான் டபிள்யூடி-40 அடிக்கிறேன். எது சரி? (ஆயர் ஈத்தாம்)

இரண்டும் செயினுக்குப் போதாது. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகி அழுக்கைப் பிடிக்கும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்காக 1953இல் உருவானது. நனைந்த செயினுக்கு அடிக்கலாம், ஆனால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். பிறகு செயின் எண்ணெய் விட்டே ஆகவேண்டும். டிஸ்க் பிரேக் பக்கம் மட்டும் எதையும் அடிக்காதீர்கள். தட்டில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது.

அலுமினியம் பிரேம் துருப்பிடிக்காது என்றுதான் வாங்கினேன். இப்போது சீட் கம்பி அசையவே மறுக்கிறது. (பட்டர்வொர்த்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். செந்நிறத் துரு கண்ணில் படும், எச்சரிக்கும். அலுமினியம் சத்தமில்லாமல் அரிக்கும். இறுக்கியைக் கழற்றிப் பாருங்கள், கம்பியைச் சுற்றி வெள்ளைப் பொடி இருக்கும். அது அலுமினியத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் கம்பியைக் கவ்விக்கொள்கிறது. பிரேம் அலுமினியமாகவும் கம்பி எஃகாகவோ கார்பனாகவோ இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உப்புநீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி போலாகி, அலுமினியம்தான் கரையும்.

சுத்தியலைத் தொடாதீர்கள். ஊடுருவும் எண்ணெயை விளிம்பில் விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் சீட்டைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருகி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுங்கள். பிடிவாதம் பிடித்தால் கடைக்குக் கொண்டுபோங்கள், பிரேமை உடைத்துவிடாதீர்கள். கழன்றதும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி கிரீஸ் தடவுங்கள். கார்பன் கம்பியானால் அதற்கென்றே விற்கும் கார்பன் பேஸ்ட் போதும், கிரீஸ் ஆகாது. கடலோரம் ஓட்டுபவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உயரம் மாறாமலிருக்க, கழற்றுமுன் கம்பியில் அடையாளமாக டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் பழைய சைக்கிள் ஹேண்டில்பாரில் செம்புள்ளிகள்? (ஜார்ஜ்டவுன்)

சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. துடைத்துக் காயவைத்து மெழுகு பூசுங்கள். குரோம் உரிந்த குழி மட்டும் அப்படியே இருக்கும்.